காற்றைக் கல்லாக்கும் பாறைகள்

தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, அதனுள்ளே சிறு குழலொன்றை வைத்து மெல்ல ஊதினால், சிறிது நேரத்தில் அந்நீர் பால்போல் வெண்ணிறமடையும். விஞ்ஞானம் பயிலத் தொடங்கும் மாணவர் யாவரும் ஆய்வுகூடத்திலே செய்து மகிழும் பரிசோதனை இது. நமது மூச்சுக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு என்னும் வாயு சுண்ணாம்போடு கூடிக் கல்சியங் காபனேற்று என்னும் திண்மப் பொருளாக மாறுகின்றது. அந்த வெண்பொடியும், யாழ்ப்பாணத்து மண்ணுக்கு அடியிலே கிடக்கும் சுண்ணக்கல்லும் இரசாயன முறையால் ஒரே பொருளே.

ஆண்டுதோறும் இப்பரிசோதனையைச் செய்து காட்டி வருகின்ற நமக்குச் சென்ற தவணையில் ஒரு மாணவன் கேட்ட வினா புதிதாயிருந்தது. "ஐயா, என் மூச்சு இங்கே கல்லாகிவிட்டது. அப்படியானால் ஆலைகளும் மோட்டார் வண்டிகளும் கக்கும் புகையையும் இவ்வாறே கல்லாக்கிவிடலாமே. உலகம் வெப்பமாகிறது என்று ஏன் எல்லோரும் அஞ்ச வேண்டும்?" என்றான் அவன். வகுப்பிலே சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. அவன் கேட்டதையே உலகின் பெரிய விஞ்ஞானிகள் பலர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றனர். நாம் விடை கூறத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. வகுப்பிலே கூற இயலாதுபோன அந்த விடையை இங்கே எழுத முற்படுகின்றோம்.

சுண்ணாம்பு ஏன் உதவாது?

சுண்ணாம்பு நமக்கு எங்கிருந்து கிடைக்கின்றது? சுண்ணக்கல்லையோ சிப்பியையோ சூளையிலிட்டு எரித்துப் பெறுகின்றோம். அவ்வாறு எரிக்கும்போது நிகழ்வது யாது? கல்லினுள்ளே கட்டுண்டு கிடந்த காபனீரொட்சைட்டு வெளியேறி வானத்திற் கலக்கின்றது. நூறு கிலோ தூய சுண்ணக்கல்லில் 44 கிலோ இவ்வாயுவே. ஆகவே, சுண்ணாம்பு உண்டாகும்போது வெளிவிட்ட வாயுவை அதே சுண்ணாம்பு மீண்டும் உறிஞ்சுவதால் யாது பயன்? கிணற்றிலிருந்து இறைத்த நீரை அதே கிணற்றில் ஊற்றுவது போன்றதே அது. சூளைக்கு இட்ட விறகின் புகை மாத்திரம் எஞ்சும்.

ஆதலால் நமக்கு வேண்டியது வேறொரு பொருள். அது சுண்ணாம்பைப் போலவே இவ்வாயுவைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் முன்னரே இவ்வாயுவை உண்டு வயிறு நிரம்பியதாக இருத்தல் கூடாது. அத்தகைய பொருள் இயற்கையிலே உண்டா எனின், மலை மலையாக உண்டு. மகனீசியம் நிறைந்த சில கரும்பச்சைப் பாறைகளே அவை.

இங்கே ஒரு வியப்பினையும் குறிப்பிடல் வேண்டும். காபனீரொட்சைட்டு என்னும் வாயுவை மனிதன் முதன்முதல் நன்கு அறிந்துகொண்டதே ஒரு மகனீசியப் பொருளின் வாயிலாகத்தான். 1754ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்த ஜோசப் பிளாக் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர், வெள்ளை மகனீசியா என்ற மருந்துப் பொடியைச் சூடாக்கி, அதன் நிறை குறைவதைத் தராசிலே அளந்தார். குறைந்த நிறைக்குக் காரணம் அப்பொடியினுள்ளே சிறைப்பட்டிருந்த ஒரு காற்றே எனக் கண்டு, அதற்குக் கட்டுண்ட காற்று எனப் பொருள்படும் பெயரையும் இட்டார். நாம் வெளிவிடும் மூச்சிலே அக்காற்று உண்டென்பதைச் சுண்ணாம்பு நீரைக் கொண்டு காட்டியவரும் அவரே. அன்று பிளாக் மகனீசியத்திலிருந்து விடுவித்த காற்றை மீண்டும் மகனீசியத்தோடு கட்டிவைக்க இன்று உலகம் முயல்கின்றது.

பூமி செய்து வரும் வேலை

காற்றைக் கல்லாக்கும் வித்தை மனிதன் கண்டுபிடித்ததன்று. பூமி இதனைப் பல கோடி ஆண்டுகளாகச் செய்து வருகின்றது. மழைநீர் வானத்திலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி நிலத்தில் விழுகின்றது. அது பாறைகளை அரித்து, அவற்றிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்து ஆற்றின் வழியே கடலுக்குக் கொண்டு சேர்க்கின்றது. கடலிலே அவை காபனேற்றாகிச் சிப்பியாகவும் பவளமாகவும் ஈற்றிற் பாறையாகவும் படிகின்றன. மறுபுறத்தில் எரிமலைகள் அவ்வாயுவைத் திரும்பவும் கக்குகின்றன. இவ்வரவு செலவுக் கணக்கினை அமெரிக்க இரசாயன அறிஞர் ஹரோல்ட் யூரே 1952இல் வெளியிட்ட தமது நூலொன்றில் விளக்கியமையால் இம்மாற்றத்திற்கு அவர் பெயரே வழங்கி வருகின்றது.

இவ்வேலை நடைபெறாவிடின் என்ன ஆகும் என்பதை அறிய விரும்புவோர் வெள்ளிக் கிரகத்தை நோக்குக. அதன் வளிமண்டலத்தில் நூற்றுக்கு 96 பங்கு காபனீரொட்சைட்டு. அங்கே அமுக்கம் நமது பூமியிலுள்ளதைப் போல் ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு. வெப்பமோ ஈயத்தையும் உருக்கவல்லது. நமது பூமியிலும் ஏறத்தாழ அவ்வளவு வாயு உண்டு என்று கூறுவர். ஆனால் இங்கே அதன் பெரும்பகுதி வானத்தில் இல்லை. சுண்ணக்கல்லாகவும் பிற காபனேற்றுப் பாறைகளாகவும் காலடியிற் கிடக்கின்றது. நாம் உயிர் வாழ்வது அதனாலேதான்.

பின்னர் குறை எங்கேயெனின், வேகத்திலேயாம். இயற்கை ஆமைபோல நடக்கின்றது. மனிதனோ கடுகி ஓடுகின்றான். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்களவு இருந்த இவ்வாயு, 1958இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையிலே அளக்கத் தொடங்கியபோது 315 பங்காயிருந்தது. 2024ஆம் ஆண்டில் 420ஐயும் கடந்துவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சீமெந்து ஆகியவற்றால் மனிதர் ஓராண்டில் வெளியிடுவது ஏறக்குறைய 3,700 கோடி தொன். ஆமையின் நடையைச் சற்றே விரைவுபடுத்த இயலுமா என்பதே இப்போதுள்ள கேள்வி.

ஓமான் மலைகளின் வெள்ளை நரம்புகள்

மகனீசியம் மிகுந்த பாறைகளுள் தலையாயது பெரிடோடைற்று என்பது. ஒலிவின் என்னும் பச்சை நிறக் கனியம் இதன் பெரும்பகுதியாகும். இஃது உண்மையிலே நில மேற்பரப்புக்கு உரியதன்று. பூமியின் ஓட்டுக்குக் கீழே, கண்டங்களின் அடியிலே முப்பது நாற்பது கிலோமீற்றர் ஆழத்தில் இருக்கவேண்டிய பாறை இது. எனினும் பூமியின் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிய சில இடங்களில், கடலடியிற் கிடந்த இப்பாறை மேலே தள்ளப்பட்டு மலையாக நிற்கின்றது. அத்தகைய இடங்களுள் மிகப் பெரியது அரபு நாடாகிய ஓமானிலுள்ள சமாயில் பிரதேசம்.

அம்மலைகளிலே மழை அருமை, மரஞ்செடிகளும் அருமை. கரும்பழுப்பு நிறமான பாறைகளின் வெடிப்புகளிலே, மனித உடம்பின் நரம்புகளைப்போல வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. மகனீசியங் காபனேற்றும் கல்சியங் காபனேற்றும் படிந்து உண்டான கோடுகள் அவை. பள்ளத்தாக்குகள் சிலவற்றில் நீலமான ஊற்றுக்குட்டைகள் உண்டு. பாறையோடு நெடுங்காலம் ஊடாடிக் கடுங்காரமாகிய நீர் அங்கே வெளிப்படுகின்றது. காற்றைக் கண்டதும் அந்நீரின்மேல் மெல்லிய வெண்படலம் ஆடைபோலப் படர்கின்றது. நமது ஆய்வுகூடத்துச் சுண்ணாம்பு நீர்ப் பரிசோதனையை அங்கே மலையே செய்துகொண்டிருக்கின்றது.

அந்த வெள்ளை நரம்புகள் மலை தோன்றிய காலத்தன, அதாவது 3 கோடி தொடக்கம் 9½ கோடி ஆண்டு வரை பழமையானவை என்றே அறிஞர் நெடுநாள் எண்ணியிருந்தனர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கெலமன், யூர்க் மாற்றர் என்னும் இருவரும் அவற்றைக் காபன்-14 முறையால் ஆராய்ந்தனர். இம்முறையால் ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்ட வயதையே அளக்கலாம். கோடி ஆண்டுப் பழமையான பொருளாயின் காபன்-14 சிறிதும் இருத்தல் ஆகாது. ஆனால் இருந்தது. நரம்புகளின் சராசரி வயது 26,000 ஆண்டே எனத் தெரியவந்தது. பூமியின் காலக்கணக்கில் அது நேற்றைய செய்தி. மலை இன்றும் காற்றை உண்டு கல்லாக்கிக்கொண்டே இருக்கின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் முதல் ஓர் இலட்சம் தொன் வரை அம்மலைகள் இவ்வாறு உட்கொள்கின்றன என 2008இல் அவர்கள் அறிவித்தனர்.

அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. பாறையைத் துளைத்து, வெடிப்புகளை மிகுவித்து, தூய காபனீரொட்சைட்டை அமுக்கத்தோடு உட்செலுத்தி, தொடக்கத்திலே வெப்பமும் ஊட்டினால் இவ்வேலை பன்மடங்கு விரையும் என்றனர். மேலிருந்து கீழே பாயும் நீரைப்போல இம்மாற்றம் தானே நிகழும் இயல்பினது. அது நிகழும்போது வெப்பத்தையும் வெளிவிடுகின்றது. ஆதலால் ஒருமுறை மூட்டிய அடுப்பு அணையாது எரிவதுபோலப் பாறை தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கருத்து. ஓமான் ஒன்றிலே மாத்திரம் ஆண்டுக்கு நூறு கோடி தொன்னுக்கு மேற்பட்ட வாயுவைக் கல்லாக்கலாம் என்றும் கணித்தனர். இது கணிப்பேயன்றிச் செய்து முடித்த காரியமன்று என்பதை மாணவர் மறத்தலாகாது.

ஐஸ்லாந்திலே செய்து பார்த்தது

செய்து பார்த்த கதையும் உண்டு. அதனைக் கூறுமுன், வாயுவை ஏன் வாயுவாகவே நிலத்தடியில் அடைத்து வைத்தலாகாது என ஒருவர் வினவலாம். அவ்வாறும் சில நாடுகளில் அடைத்து வைக்கின்றனர். மேலே வாயு புகாத பாறைமூடி இருப்பின் அது நெடுங்காலம் நிற்கும். ஆயினும் வாயு வாயுவே. அதற்குக் காவல் வேண்டும். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து ஓர் இரவிலே, ஆபிரிக்காவின் கமரூன் நாட்டிலுள்ள நியோஸ் ஏரியின் அடியில் இயற்கையாகவே கரைந்து கிடந்த காபனீரொட்சைட்டு திடீரெனப் பொங்கி எழுந்தது. காற்றினும் கனமான அவ்வாயு பள்ளத்தாக்குகள் வழியே பரவ, ஏறக்குறைய 1,700 மக்கள் மூச்சுத்திணறி மாண்டனர். அது மனிதர் அடைத்து வைத்த வாயு அன்று; எனினும் அதன் இயல்பை அச்சம்பவம் காட்டிற்று. கல்லோ பொங்குவதில்லை, கசிவதில்லை, காவலும் வேண்டுவதில்லை.

ஐஸ்லாந்து எரிமலைகளால் ஆன தீவு. அங்கே நிலத்தடி நீராவியைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் ஹெலிஷெய்தி என்னும் நிலையத்தின் அருகே, 2012இல் ஒரு பரிசோதனை நடைபெற்றது. அங்குள்ள பாறை பசாற்று. எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. பெரிடோடைற்று அளவிற்கு மகனீசியம் இல்லாவிடினும், மகனீசியம், கல்சியம், இரும்பு மூன்றும் அதில் உண்டு. முதலிலே 175 தொன் காபனீரொட்சைட்டையும், பின்னர் ஐதரசன் சல்பைட்டோடு கலந்த 73 தொன் வாயுவையும் 400 முதல் 800 மீற்றர் வரையுள்ள ஆழத்திலே செலுத்தினர். சோடாப் போத்தலில் உள்ளதுபோல வாயுவை நீரிற் கரைத்தே செலுத்தினர் என்பது கவனிக்கத்தக்கது. அந்நீர் சாதாரண நீரினும் சற்றுக் கனமானதாகையால் மேலெழாது. அமிலமாகையால் பாறையையும் கரைக்கும்.

இவ்வாயு கல்லாவதற்குப் பல நூறு ஆண்டுகள் வேண்டும் என்றே பொதுவாக எண்ணப்பட்டு வந்தது. இரண்டு ஆண்டுக்குள்ளே செலுத்தியதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் கல்லாகிவிட்டது என்ற முடிவு 2016இல் வெளியாயிற்று. இங்கேயும் காபன்-14 அணுக்களே சாட்சி கூறின. செலுத்திய வாயுவோடு அவற்றைச் சிறிதளவு கலந்து அடையாளமிட்டு அனுப்பியிருந்தனர். இவற்றுக்கெல்லாம் மேலாக, கண்காணிப்புக் கிணற்றிலே பொருத்தியிருந்த நீரிறைக்கும் யந்திரம் ஒருநாள் பழுதுற்று நின்றது. மேலே தூக்கிப் பார்த்தபோது அதன்மேற் கல்சியங் காபனேற்று படிந்திருந்தது! யந்திரம் கெட்டதற்காக விஞ்ஞானிகள் மகிழ்ந்தது அன்றாகவே இருக்கும்.

2021ஆம் ஆண்டிலே அதே இடத்தில், திறந்த வெளிக் காற்றிலிருந்து நேரே காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் நிலையமொன்றும் திறக்கப்பட்டது. அதன் வாயுவும் அவ்வாறே நிலத்தடிக்குச் செல்கின்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வலூலா என்னுமிடத்தில் 2013இல் ஏறத்தாழ ஆயிரம் தொன் வாயுவைப் பசாற்றுப் பாறையிலே செலுத்திப் பார்த்தபோது, அங்கேயும் காபனேற்றுக் கனியங்கள் தோன்றின.

தடைகள் யாவை?

இவ்வளவும் படித்த மாணவன், "இனி அச்சமில்லை" என்று கூறுவானாயின், அவனைச் சற்றுப் பொறுக்கும்படி நாம் வேண்டுவோம். கணக்கினைப் பார்த்தல் வேண்டும்.

சுவிற்சர்லாந்து அறிஞர் வால்டர் சைபிரிட்ஸ் 1990இல் இவ்வெண்ணத்தை ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். 1995இல் கிளவுஸ் லாக்னரும் அவருடைய தோழர்களும் இதனை விரித்து ஆராய்ந்தனர். பாறையை அகழ்ந்து அரைத்து, ஆலையிலிட்டு வாயுவோடு சேர்ப்பது ஒரு வழி. ஆய்வுகூடத்தில் 185 பாகை வெப்பத்திலும், வளிமண்டலத்தைப் போல் 150 மடங்கு அமுக்கத்திலும் ஒலிவின் பொடி சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் காபனேற்றாவது கண்டறியப்பட்டது. ஆனால் ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு 1.6 தொன் தூய ஒலிவின் வேண்டும். உலகின் ஓராண்டு வாயு முழுவதையும் இவ்வாறு கட்டுவதாயின், ஏறக்குறைய 5,900 கோடி தொன் பாறையை அகழ வேண்டும். இஃது உலகம் ஓராண்டில் அகழும் நிலக்கரியைப்போல் ஆறு மடங்கிற்கும் மேற்பட்டது. அத்தனை பாறையையும் மாவாக அரைப்பதற்கு மின்சாரம் எங்கே? அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமாயின், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிடும்.

பாறையை அகழாது, வாயுவை அதனிடம் கொண்டு செல்வது மற்றைய வழி. அதற்கும் இடர்கள் உண்டு. ஐஸ்லாந்து முறையில் ஒரு தொன் வாயுவுக்கு ஏறத்தாழ 25 தொன் நீர் வேண்டும். மழை மிகுந்த ஐஸ்லாந்துக்கு அது எளிது. வறண்ட ஓமானுக்கு அரிது. ஆதலாற் கடல்நீரைப் பயன்படுத்தும் ஆராய்ச்சிகளும் நடைபெறுகின்றன. இன்னொன்று: ஒலிவின் காபனேற்றாகும்போது திண்மத்தின் கனவளவு பெருகுகின்றது. அவ்வாறு பெருகும் பொருள் வெடிப்புகளை அடைத்துத் தன் வழியைத் தானே மூடிவிடாதா? அல்லது, சுவரிலே வேரூன்றிய ஆலங்கன்று சுவரைப் பிளப்பதுபோலப் பாறையைப் பிளந்து புதுவழி அமைக்குமா? ஓமானிலே ஒலிவின் சிறிதும் எஞ்சாது முழுவதும் காபனேற்றும் சிலிக்காவுமாக மாறிய மலைப்பகுதிகள் உண்டு. இயற்கைக்கு இயன்றது என்பதற்கு அவை சான்று. மனிதன் விரும்பும் வேகத்தில், அவன் விரும்பும் இடத்தில் அது நிகழுமா என்பதையே இப்போது சோதிக்கின்றனர்.

மக்களின் உடன்பாடும் வேண்டும். பிற நாடுகளின் வாயுவைக் கப்பலேற்றிக் கொணர்ந்து ஐஸ்லாந்தின் ஒரு நகருக்கு அருகே நிலத்தடியிற் செலுத்தும் பெருந்திட்டமொன்று, அவ்வூர் மக்கள் எதிர்த்தமையால் அந்நகரில் 2025இல் கைவிடப்பட்டது. காற்றிலிருந்து வாயுவைப் பிரிக்கும் 2021ஆம் ஆண்டு நிலையமோ ஆண்டுக்கு 4,000 தொன்னுக்கென அமைந்தது. 3,700 கோடிக்கு முன்னே நாலாயிரம்! யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுவே.

நம்பிக்கை தரும் சிறு வழிகளும் இல்லாமலில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் நிக்கற் சுரங்கத்தில், உலோகத்தை எடுத்தபின் எறியப்பட்ட மகனீசியப் பாறைப் பொடி, எவரும் ஏவாமலே ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 தொன் வாயுவைக் காற்றிலிருந்து உறிஞ்சுகின்றது என 2014இல் கண்டறிந்தனர். இஃது அச்சுரங்கம் அப்போது வெளியிட்ட வாயுவில் நூற்றுக்குப் 11 பங்களவு. முன்னரே அரைத்து எறிந்த பொடியாதலின் அரைக்கும் செலவும் இல்லை.

நமக்கு அண்மையிலே

இவையெல்லாம் எங்கோ தொலைநாட்டுச் செய்திகள் என எண்ண வேண்டா. தமிழ்நாட்டிலே சேலம் நகருக்கு அருகிலுள்ள சுண்ணாம்புக்கரடு என்னும் குன்றுகளிலே, ஒலிவின் நிறைந்த பாறையினூடே வெள்ளை வெளேரென மகனசைற்று நரம்புகள் ஓடுகின்றன. பெயரிலே சுண்ணாம்பு இருப்பினும் பொருளால் அது மகனீசியங் காபனேற்று. ஓமானிலே நாம் கண்ட மாற்றத்தின் விளைவே அதுவும். உருக்காலை உலைகளுக்கான செங்கல் செய்வதற்கு அதனை அகழ்ந்து சுடுகின்றனர். சுடும்போது நூறு கிலோவுக்கு 52 கிலோ காபனீரொட்சைட்டு வானேறிவிடுகின்றது. இயற்கை மெல்ல மெல்லக் கட்டிய முடிச்சை உலை சில மணி நேரத்தில் அவிழ்த்து விடுகின்றது.

இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டை மாவட்டத்து உஸ்ஸங்கொடையிலே, மகனீசியம் மிகுந்த சேர்பென்ரைன் பாறை வெளித் தோன்றுகின்றது. செம்மண் பரந்து, செடிகள் குறுகி நிற்கும் அவ்வெளியிலே இராவணனின் விமானம் இறங்கிற்று என்று மக்கள் கதை கூறுவர். 2010இல் அது தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கே துளையிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. அரிய செடிகள் வளரும் அவ்விடம் காக்கப்பட வேண்டியதே. ஆயினும் சுற்றுலா செல்லும் மாணவர் அச்செம்மண்ணிலே நின்று, தம் காலடியில் உள்ளது எத்தகைய பாறை என்பதை எண்ணிப் பார்த்தால் நன்று.

அந்த மாணவனுக்கு நாம் கூறும் விடை இதுவே. தம்பி, நீ கேட்டது சரி. புகையைக் கல்லாக்கலாம், அதற்கு வேண்டிய பாறையும் உலகில் ஏராளம். ஆனால் கல்லாக்குவது மெதுவான வேலை, செலவும் மிக்கது. பானையிலே ஓட்டை இருக்கும்வரை எவ்வளவு நீர் மொண்டு ஊற்றினும் நிரம்புவதில்லை. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். அதாவது புகையைக் குறைக்க வேண்டும். சீமெந்து, உருக்கு முதலிய தொழில்களிலே குறைக்க இயலாது எஞ்சுவதையும், நம் முன்னோரும் நாமும் முன்னரே வானத்தில் ஏற்றிவிட்டதில் ஒரு பகுதியையும் கட்டிவைக்கப் பாறைகள் துணை செய்யும். எவ்வளவு துணை செய்யும் என்பதை முடிவு செய்யவேண்டியவர்கள் இன்று சோதனைக் குழாயில் ஊதிக்கொண்டிருக்கும் உன் போன்றவர்களே.

அடுத்த தவணையில் அப்பரிசோதனையைச் செய்யும்போது, குழாயின் அடியிற் படியும் வெண்பொடியைக் கழுவி ஊற்றிவிடாது சிறிது நேரம் எடுத்துப் பார்க்கும்படி மாணவர்க்குக் கூற எண்ணியிருக்கின்றோம். அஃது அவர்தம் மூச்சு, இப்போது கல்.